அசலும் நகலும் சத்தியமும்: வளைகுடா நீதிமன்றங்களின் சான்று விதிகளும் தமிழ் வழக்கறிஞரின் பொறுப்பும்

தமிழகத்து நீதிமன்ற வளாகங்களில் நாள்தோறும் புழங்கும் சொற்களுள் கணிசமானவை அரபு வேரின. வக்கீல், வக்காலத்து, தாவா, வாய்தா, ஜாமீன், ஆஜர், ராஜி ஆகிய சொற்கள் நவாபுகள் காலத்திலும் கும்பினியார் காலத்திலும் பாரசீகம், இந்துஸ்தானி ஆகிய அலுவல் மொழிகளின் வழியே தமிழுக்கு வந்தன. இன்று எவரும் இவற்றை அயற்சொல்லாக எண்ணுவதில்லை. இவ்வரிசையில் இக்கட்டுரைக்கு மிகவும் வேண்டப்படும் இணை 'அசல்', 'நகல்' என்பதாகும். மூல ஆவணத்தையும் அதன் படியையும் குறிக்கும் இவ்விரு சொற்களும் அரபே.

இராமநாதபுரத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ துபாய்க்குச் சென்ற ஒருவர், தம் பணி ஒப்பந்தத்தின் நகலோடு நீதிமன்றம் செல்லும்போது அசலைக் கொண்டுவருமாறு பணிக்கப்படுகிறார். அவர் வாயிலுள்ள சொல்லும் நீதிபதியின் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. எனினும் அச்சொல்லுக்குப் பின்னால் நிற்கும் சட்டம் அவர் ஊரின் சட்டம் அன்று. அவருக்கு அறிவுரை கூறும் வழக்கறிஞர் சென்னையிலோ மதுரையிலோ பயின்றவராயின், இவ்வேறுபாட்டை அறியாமை கட்சிக்காரருக்கு வழக்கிழப்பாகவும் வழக்கறிஞருக்குத் தொழிற்பொறுப்பாகவும் முடியக்கூடும். இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு

தமிழ் இலக்கியத்தில் வழக்கு என்றவுடன் கண்ணகியின் சிலம்பை எடுத்துக்காட்டுவது ஆய்வுலகின் வழக்கம். ஆயின் ஆவணச் சான்று பற்றிய ஆய்வுக்குச் சிலம்பினும் பொருத்தமானது, சேக்கிழார் 12 ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம். மணக்கோலத்தில் இருந்த சுந்தரரைத் தம் அடிமை என்று முதியவர் ஒருவர் உரிமை கோருகிறார். சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை ஒன்றைக் காட்டுகிறார். அதைப் பறித்துக் கிழித்து எறிகிறார் சுந்தரர். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் வழக்கை மெய்ப்பிக்குமாறு அவையினர் கேட்கின்றனர். நெடுநாள் நுகர்வுரிமை, எழுத்துச் சான்று, பிறர் கண்ட சாட்சி என இம்மூன்றையும் இன்றைய சட்டநூல் மொழியில் பெயர்க்கலாம்.

முதியவரின் விடைதான் சட்ட வரலாற்றில் கருதத்தக்கது. கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலை தம்மிடம் உள்ளது என்கிறார் அவர். அவையினர் மூல ஓலையைப் பெற்று, பாட்டனாரின் கையெழுத்து உள்ள வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். சான்றாளர் எழுத்தையும் நோக்குகின்றனர். மூலத்துக்கும் படிக்கும் உள்ள வேறுபாடு, ஒப்புநோக்குக்கு ஐயமற்ற எழுத்து தேவை என்னும் கொள்கை, எழுதியவரின் வழித்தோன்றலை அவ்வெழுத்து கட்டுப்படுத்துமா என்னும் வினா ஆகிய மூன்றும் ஒரே வழக்கில் எழுந்துள்ளன. சோழர் கல்வெட்டுகளில் ஆவணங்களைப் பதிவு செய்யும் இடமாகக் குறிக்கப்பெறும் 'ஆவணக்களரி'யையும், எழுத அறியாதவர் இடும் 'தற்குறி'க்கு வேறொருவர் எழுத்தால் சான்றளிக்கும் முறையையும் இதனோடு சேர்த்து நோக்கினால், சேக்கிழார் தம் காலத்து நடைமுறையையே பாடியிருக்கிறார் என்பது விளங்கும்.

முத்துக் கணக்கேடு

எண்ணெய் கண்டறியப்படுவதற்கு முன்னரே தமிழகக் கடற்கரையும் வளைகுடாவும் ஒரே தொழிலால் இணைந்திருந்தன. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவின் மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் கீழக்கரை முதலிய ஊர்களின் முத்துக்குளிப்போரும் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபியரும் அருகருகே மூழ்கினர். இலங்கைச் சலாபத்தில் எடுக்கப்பட்ட சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு மூழ்கியவர்களுக்கும் உரியது. பங்கு அன்றன்றே கையில் வந்தமையால் கூலி குறித்த கணக்கேட்டுக்கு அங்கே அவ்வளவாகத் தேவை எழவில்லை.

பஹ்ரைனிலும் குவைத்திலும் நிலை வேறு. அங்கே மூழ்குபவர் பருவத் தொடக்கத்தில் படகுத் தலைவரான நகுதாவிடம் முன்பணம் பெற்றார். பருவ முடிவில் அவர் பங்கிலிருந்து அது கழிக்கப்பட்டது. கழித்தது போக எஞ்சிய கடன் அடுத்த பருவத்துக்குச் சென்றது. கடனுக்கு ஒரே சான்று நகுதாவின் கையிலிருந்த ஏடு. எழுத்தறியாத மூழ்குபவர் அதை மறுக்கவும் இயலாது, படிக்கவும் இயலாது. அவர் இறந்தால் கடன் மகன்மேல் ஏறியது. முத்துத்தொழில் வழக்குகளைத் தீர்த்த 'ஸாலிஃபா' என்னும் மன்றத்திலும் நகுதாக்களின் தொழில் வழக்கமே அளவுகோலாயிற்று. 1920களில் பஹ்ரைனில் மேற்கொள்ளப்பட்ட முத்துக்குளிப்புச் சீர்திருத்தங்களின் மையக் கூறு, ஒவ்வொரு மூழ்குபவருக்கும் தனிக் கணக்கேடு வேண்டும் என்பதாகும். கடனைத் தள்ளுபடி செய்வதைவிடக் கடனுக்கான சான்றை இருவர் கையிலும் வைப்பதே சீர்திருத்தம் எனக் கருதப்பட்டது. வளைகுடாத் தொழிலாளர் சட்டத்தின் வரலாற்றை எண்ணெய்க் கிணற்றிலிருந்து தொடங்குவோர் இந்த ஏட்டைக் காணத் தவறுகின்றனர். பாட்டனார் எழுதிய ஓலையால் பெயரன் அடிமையாதலும், தந்தையின் பற்றால் மகன் கடலில் இறங்குதலும் ஒரே சான்றுச் சிக்கலின் இரு வடிவங்கள்.

கடல் கடந்த 1872

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த இந்தியச் சாட்சியச் சட்டம் 1872 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வளைகுடாவின் அரசியல் நிருவாகம் அக்காலத்தில் இந்திய அரசின் பொறுப்பில் இருந்தமையால், அப்பகுதியின் பிரித்தானிய நீதிமன்றங்களுக்கும் இந்தியச் சட்டங்களே சென்றன. 1913 இல் பிறப்பிக்கப்பட்டு 1919 இல் செயலுக்கு வந்த பஹ்ரைன் மன்னராணை, சட்ட நோக்கில் பஹ்ரைனைப் பம்பாய் மாகாணத்தின் ஒரு மாவட்டம் போலக் கருதியது. குவைத்துக்கு 1925 இலும், கத்தாருக்கு 1939 இலும், இன்றைய அமீரகமான ஒப்பந்தக் கரை நாடுகளுக்கு 1946 இலும் இத்தகைய ஆணைகள் பிறந்தன.

இந்நீதிமன்றங்களின் அதிகாரம் எல்லார்மீதும் செல்லவில்லை. உள்ளூர் மக்கள் ஆட்சியாளரின் மன்றத்துக்கும் காழிக்கும் உரியவர்கள். பிரித்தானியக் குடிகளும் பாதுகாப்புக்கு உட்பட்டோரும் அரசியல் முகவரின் நீதிமன்றத்துக்கு உரியவர்கள். எனவே சென்னை மாகாணத்திலிருந்து சென்ற ஒரு வணிகரோ கணக்கரோ பஹ்ரைனில் வழக்காடினால், மதுரை முனிசீப்பு மன்றத்தில் எவ்விதிகள் பொருந்துமோ ஏறத்தாழ அவ்விதிகளே அவருக்குப் பொருந்தின. முகவர்கள் ஆட்சி அலுவலர்களேயன்றிச் சட்டம் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர் என்பதையும் மறத்தல் கூடாது. இரு தரப்பாருக்கும் இடைப்பட்ட வழக்குகளுக்குப் பஹ்ரைனில் கூட்டு நீதிமன்றம் இருந்தது.

இந்த ஏற்பாடு குவைத்தில் 1961 அளவிலும், பஹ்ரைன், கத்தார், ஒப்பந்தக் கரை நாடுகளில் 1971 உடனும் முடிவுற்றது. தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக வளைகுடாவுக்குப் புறப்பட்டது 1970களின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின்னர். அதாவது, தமிழர் சிலராக இருந்த காலத்தில் அங்கே அவர்களுக்குத் தெரிந்த சட்டம் இருந்தது. பலராகச் சென்றபோது அச்சட்டம் போய்விட்டிருந்தது. இந்தக் கால முரண் பற்றி வளைகுடாப் புலம்பெயர்வு ஆய்வுகள் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

எகிப்தின் வழி

விடுதலை பெற்ற வளைகுடா நாடுகள் தம் சான்றுச் சட்டங்களுக்குப் பம்பாயை நோக்கவில்லை, கெய்ரோவை நோக்கின. எகிப்தின் 1968 ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் பிரெஞ்சு மரபையும் இசுலாமியச் சட்ட மரபையும் ஒருங்கிணைத்த நூல். அதன் சாயலில் குவைத் 1980 இலும், ஐக்கிய அரபு அமீரகம் 1992 இலும், பஹ்ரைன் 1996 இலும், ஓமன் 2008 இலும் சட்டம் இயற்றின. சவூதி அரேபியாவின் தொகுக்கப்பட்ட சான்றுச் சட்டம் 2022 இல் செயலுக்கு வந்தது. அமீரகத்தின் 1992 ஆம் ஆண்டின் 10 ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் மின்னணுச் சான்றை ஏற்கும் வகையில் 2006 இல் திருத்தப்பட்டது. பின்னர் 2022 ஆம் ஆண்டின் 35 ஆம் எண் ஆணைச் சட்டம் அதன் இடத்தைப் பெற்று, 2023 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

ஸ்டீஃபனின் சட்டத்தில் வாய்மொழிச் சாட்சியும் குறுக்கு விசாரணையும் உயிர்நாடி. எத்தனை சாட்சிகள் வேண்டும் என்பதற்கு அதில் வரையறை இல்லை. அமீரக மரபில் எழுத்தே முதன்மை. வணிகம் அல்லாத வழக்குகளில் குறித்த தொகைக்கு மேற்பட்ட பொறுப்பைச் சாட்சியால் மட்டும் மெய்ப்பிக்க இயலாது. 1992 சட்டத்தில் 5,000 திர்ஹமாக இருந்த இவ்வெல்லை 2022 சட்டத்தில் 50,000 ஆயிற்று. கணக்குச் சிக்கல்கள் நீதிமன்றம் அமர்த்தும் வல்லுநரிடம் செல்கின்றன. சாட்சிக் கூண்டில் எதிரியை மடக்கிப் பெயர் பெற்ற தமிழக வழக்கறிஞர் ஒருவரின் கலைக்கு அங்கே ஏறக்குறைய இடமில்லை.

தொழிலாளருக்கு மட்டும் ஒரு வாயில் திறந்தே இருந்தது. எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது அதன் நிபந்தனைகளை எவ்வகைச் சான்றாலும் மெய்ப்பிக்கலாம் என்றது 1980 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். தொழிலாளர் வழக்குக்கு நீதிமன்றக் கட்டண விலக்கும் அதில் இருந்தது. 2009 இல் வந்த ஊதியப் பாதுகாப்பு முறை, ஊதியத்தை வங்கி முதலிய நிதி நிறுவனங்கள் வழியே செலுத்தச் செய்து, கொடுத்ததற்கும் கொடாமைக்கும் மூன்றாம் தரப்புப் பதிவை உண்டாக்கியது. பஹ்ரைன் முத்துக்குளிப்போரின் தனிக் கணக்கேட்டுக்கு இதுவே இக்கால வாரிசு எனலாம்.

கையொப்ப மறுப்பு என்னும் பொறி

தனியார் ஆவணம் ஒன்று ஒருவர்மேல் காட்டப்படும்போது, அதிலுள்ள எழுத்தையோ கையொப்பத்தையோ முத்திரையையோ விரல் ரேகையையோ அவர் வெளிப்படையாக மறுக்காவிடில் அது அவருடையதே என்று அமீரகச் சட்டம் கொள்கிறது. மறுத்தால் ஒப்புநோக்கு நிகழும். வாரிசுக்கு மட்டும் சலுகை உண்டு. முன்னோரின் கையெழுத்து என்பது தமக்குத் தெரியாது என அவர் சத்தியம் செய்தால் போதும். சுந்தரர் இன்று அபுதாபியில் வழக்காடியிருந்தால் ஓலையைக் கிழிக்க வேண்டிய தேவையே அவருக்கு இருந்திராது.

இவ்விதிக்கு ஒரு துணைவிதி உண்டு. ஆவணத்தின் உட்பொருளைப் பற்றி வாதிட்ட ஒருவர், அதன்பின் கையொப்பத்தை மறுக்க இயலாது. தமிழக வழக்குரைகளைப் படித்தவர்களுக்கு இதன் கொடுமை விளங்கும். கையொப்பம் என் கட்சிக்காரருடையது அன்று, ஒருவேளை அவருடையதே ஆயினும் தொகை பெறப்படவில்லை என்று மாற்று வாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குதல் நம் எதிருரைகளில் இயல்பு. இங்கே கற்ற இப்பழக்கத்தை அங்கே கையாண்டால், இரண்டாம் வாதம் முதல் வாதத்தைத் தின்றுவிடும். நிலுவை அனைத்தும் பெற்றுக்கொண்டேன் என்னும் அரபு வாசகத்தின்கீழ்ப் பெருவிரல் ரேகை வைத்துவிட்டு ஊர் திரும்ப நிற்கும் தொழிலாளரின் வழக்கில், முதல் எதிருரையின் முதல் பத்தியிலேயே வெற்றி தோல்வி ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. அப்பத்தியை எழுதியவர் வழக்கறிஞர், கட்சிக்காரர் அல்லர்.

நகல் பற்றியும் இதே கவனம் வேண்டும். ஒளிநகலை எதிர்த்தரப்பு மறுத்தால், அசலைக் காட்டும் சுமை நகலைத் தாக்கல் செய்தவர்மேல் விழுகிறது. அசல் முதலாளியிடமே இருப்பின், அதைக் காட்டுமாறு அவரைக் கட்டாயப்படுத்த நீதிமன்றத்தை வேண்டலாம். அது இரு தரப்புக்கும் பொதுவான ஆவணமாக இருத்தல் போன்ற வரையறுத்த காரணங்கள் தேவை. முதலாளி காட்ட மறுத்தால் தொழிலாளரின் நகல் சரியானதாகக் கொள்ளப்படலாம். இந்த விண்ணப்பத்தைச் செய்யாது விட்ட வழக்கறிஞர், முதியவரிடம் மூல ஓலை எங்கே என்று கேளாத அவையினரை ஒப்பர்.

தீர்வுச் சத்தியம்

சான்று கொணர்தல் வாதியின் கடன், மறுப்பவர்மேல் சத்தியம் என்பது இசுலாமியச் சட்ட மரபின் அடிப்படை. அரபியில் 'யமீன் ஹாஸிமா' எனப்படும் தீர்வுச் சத்தியம் இதன் வழிவந்தது. சான்று இல்லாத தரப்பு, வழக்கைத் தீர்க்கும் வகையில் சத்தியம் செய்யுமாறு எதிரியை அழைக்கலாம். எதிரி சத்தியம் செய்தால் அவர் வென்றார். மறுத்தால் தோற்றார். அல்லது அதே சத்தியத்தை அழைத்தவர்மேலேயே அவர் திருப்பலாம். அழைத்த கணத்திலேயே பிற சான்றுகள் அனைத்தையும் அழைத்தவர் கைவிட்டவராகிறார். செய்யப்பட்ட சத்தியம் பொய் என்று பின்னர் அதே வழக்கில் மெய்ப்பிக்க வழியில்லை. சத்தியம் செய்வதற்கு வேறொருவரை அமர்த்தவும் இயலாது.

இது தமிழ் மரபுக்கு அயலானதா? சிறிதும் இல்லை. கோயில் வாயிலில் கற்பூரம் ஏற்றி அதை அணைத்துச் சத்தியம் செய்தால் என் வழக்கை விட்டுவிடுகிறேன் என்னும் அறைகூவல் நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் வழங்கியது. வியப்புக்குரியது என்னவெனில், பிரித்தானிய இந்தியச் சட்டமே இதற்கு இடம் தந்திருந்தது. 1873 ஆம் ஆண்டு இந்தியச் சத்தியச் சட்டத்தின் 8 முதல் 11 வரையிலான பிரிவுகள், ஒரு தரப்பு மற்றத் தரப்பின் சத்தியத்துக்குக் கட்டுப்படுவதாக முன்வந்தால், தன் சமூகத்தில் கட்டுப்படுத்துவதாகக் கருதப்படும் வடிவில் மற்றத் தரப்பு சத்தியம் செய்யலாம் என்றும், அச்சத்தியம் முன்வந்தவருக்கு எதிராக முடிந்த சான்றாகும் என்றும் விதித்தன. மூன்றாம் ஆளைப் பாதிக்கும் சத்தியம் விலக்கப்பட்டது. பிள்ளை தலையில் கைவைத்துச் செய்யும் சத்தியம் அவ்வகையில் அடங்கும்.

ஸ்டீஃபனின் சாட்சியச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டே இச்சட்டம் வந்தது என்பதைக் கருத வேண்டும். நாட்டு மக்களின் சத்திய வழக்கத்தைப் புதிய சட்டத்தால் ஒதுக்கிவிட முடியவில்லை. வளைகுடாவின் இன்றைய விதிக்கும் இதற்கும் ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. 1873 சட்டத்தின்படி சத்தியம் செய்ய மறுத்தவர் அதனாலேயே தோற்றுவிடுவதில்லை. அவர் மறுப்பும் காரணமும் பதிவு செய்யப்படும், அவ்வளவே. அமீரகத்தில் மறுப்பே தோல்வி.

1969 இல் இயற்றப்பட்ட புதிய சத்தியச் சட்டம் 1873 சட்டத்தை நீக்கியது. இப்பிரிவுகளும் உடன் மறைந்தன. அதன்பின் சட்டம் பயின்ற தமிழ் வழக்கறிஞர் தலைமுறைகளுக்குச் சத்தியம் என்பது பிரமாண வாக்குமூலத்தின் இறுதி வரியில் வரும் சடங்கு மட்டுமே. அவர்களுடைய பாட்டனார் காலத்து வக்கீல் ஒருவர் அபுதாபி மன்றத்தில் தீர்வுச் சத்தியத்தைக் கண்டால் திகைத்திருக்க மாட்டார். பெயரன் திகைப்பார். நம் சொந்தச் சட்ட வரலாற்றை மறந்ததன் விலை இது.

தொழிற்பொறுப்பு இங்கேதான் கூர்மை பெறுகிறது. அமீரக நடைமுறைச் சட்டத்தில் பொது வக்காலத்து வழக்கு நடத்துவதற்கு மட்டுமே அதிகாரம் தரும். உரிமையை ஒப்புக்கொள்ளுதல், விட்டுக்கொடுத்தல், சமரசம் செய்தல், நடுவரிடம் விடுதல் போன்றவற்றுக்குத் தனி அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். நம் வக்காலத்துப் படிவங்களில் இவை யாவும் முன்னரே அச்சிடப்பட்டிருக்கும். கட்சிக்காரர் படியாமலே ஒப்பமிடுவார். தமிழுக்கு 'வக்காலத்து' என்னும் சொல்லைத் தந்த மொழியின் நாட்டில் அச்சொல்லின் பொருள் நம்முடையதைவிட இறுக்கமானது. எதிரியைத் தீர்வுச் சத்தியத்துக்கு அழைத்தலோ, ஒரே செயலால் மற்றச் சான்றுகளையெல்லாம் துறத்தலாகும். கட்சிக்காரருக்கு அவர் மொழியில் இதை விளக்கி, எழுத்தில் இசைவு பெறாமல் அழைக்கும் வழக்கறிஞர் பெரும் அபாயத்தை மேற்கொள்கிறார்.

ஒலிப்பதிவு

இந்திய மரபில் பயின்றவர் தடுக்கி விழும் மற்றோர் இடம் கைபேசி. ஒரு சான்று எவ்வாறு பெறப்பட்டது என்பதைவிட அது வழக்குக்குத் தொடர்புடையதா என்பதையே இந்திய நீதிமன்றங்கள் நோக்கிவந்துள்ளன. மல்கானி வழக்கில் 1972 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒலிப்பதிவை ஏற்றதும், பூரண்மல் வழக்கில் 1973 இல் சோதனையில் கைப்பற்றிய ஆவணங்களை ஏற்றதும் இந்நெறியின் மைல்கற்கள். மேலாளர் ஊதியம் தருவதாகச் சொன்னதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன் என்று ஒரு தொழிலாளர் சொன்னால், சென்னை வழக்கறிஞர் மகிழ்வார்.

அமீரகத்தில் அப்பதிவே குற்றமாகலாம். பிறர் உரையாடலை இசைவின்றிப் பதிதலும் பரப்புதலும் தண்டனைச் சட்டத்தின்கீழும் 2021 ஆம் ஆண்டின் 34 ஆம் எண் இணையக் குற்றச் சட்டத்தின்கீழும் தண்டிக்கத்தக்கவை. நிலுவை ஊதியம் கேட்டுச் சென்றவர் குற்ற வழக்கில் எதிரியாகும் நிலை நேரலாம். அப்பதிவைத் தாக்கல் செய்யலாம் என்று அறிவுறுத்தியவரின் நிலையும் பாதுகாப்பானதன்று. மேலாளர் தாமே அனுப்பிய எழுத்துச் செய்தி வேறு வகையினது. மின்னணுச் சான்றுக்கு 2006 முதல் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே முதல் சந்திப்பிலேயே கேட்கவேண்டிய வினா, கட்சிக்காரரிடம் என்ன சான்று உள்ளது என்பதோடு அது எவ்வாறு அவர் கைக்கு வந்தது என்பதுமாகும்.

யார் பொறுப்பு

வழக்கறிஞரின் கவனக்குறைவுக்கு வழக்கு உண்டா என்பதில் சட்ட மரபுகள் வேறுபடும். இங்கிலாந்தில் வழக்காடும் பாரிஸ்டர்களுக்கு இருந்த விலக்கு 2000 ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. இந்தியா அதற்கு முன்னோடி. வழக்கறிஞர் என்னும் காரணத்தாலேயே கவனக்குறைவு வழக்கிலிருந்து எவருக்கும் விலக்கில்லை என்று 1926 ஆம் ஆண்டுச் சட்டத்தொழிலர் கட்டணச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு கூறிவிட்டது. நுகர்வோர் மன்றங்களுக்கு இவ்வதிகாரம் இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. எனினும் உரிமையியல் நீதிமன்ற வாயில் அடைபடவில்லை.

எகிப்திய, பிரெஞ்சு மரபில் வழக்கறிஞரின் கடமை வெற்றியைத் தருவதன்று, உரிய கவனத்தைச் செலுத்துவதாகும். அமீரகமும் இவ்வேறுபாட்டை ஏற்றுள்ளது. கவனம் தவறியதோடு, அத்தவறால் இழப்பு நேர்ந்ததையும் கட்சிக்காரர் காட்டவேண்டும். மேல்முறையீட்டுக் காலம் கடந்துபோன வழக்கைக் காட்டிலும் தவறான சான்று உத்தியால் இழந்த வழக்கில் இதை மெய்ப்பிப்பது கடினம்.

தமிழ் வழக்கறிஞருக்கு இங்கே இன்னொரு சிக்கல். 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்ற 2022 ஆம் ஆண்டின் 34 ஆம் எண் ஆணைச் சட்டம் வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. அமீரக நீதிமன்றங்களில் தோன்றி வாதிடும் உரிமை பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியது. தமிழர் சட்ட ஆலோசகராகவே இயங்குகிறார். கட்சிக்காரரின் கதையைத் தமிழில் கேட்பவர் அவர். அரபியில் ஒப்பமிடுபவர் மற்றொருவர். இடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர். மறுப்பு வாசகம் எந்தக் கையில் தவறியது என்பதை மூவரும் எழுத்தில் வைத்திராவிட்டால், இழப்பு கட்சிக்காரர்மேலேயே தங்கிவிடும்.

இதற்கு விலக்கான தீவுகளும் உண்டு. துபாய்ப் பன்னாட்டு நிதி மையத்தின் நீதிமன்றங்கள் 2004 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அமைந்தவை. அங்கே மொழி ஆங்கிலம். சாட்சி அறிக்கையும் குறுக்கு விசாரணையும் உண்டு. 2011 முதல், தரப்பினர் எழுத்தில் இசைந்தால், மையத்துக்குத் தொடர்பில்லாத வழக்குகளும் அங்கே செல்லலாம். அபுதாபியின் நிதி மையம் ஆங்கிலப் பொதுச்சட்டத்தையே நேரடியாக ஏற்றது. 1971 இல் வெளியேறிய மரபு ஒருவகையில் இத்தீவுகளுக்குத் திரும்பியுள்ளது. ஆனால் அங்கே செல்வோர் பெரும்பாலும் வங்கிகளும் வணிக நிறுவனங்களும். கட்டடத் தொழிலாளரின் வழக்கு அரபு மன்றத்திலேயே நடக்கிறது.

தமிழில் ஓர் ஆவணம்

2016 சனவரி முதல் செயலுக்கு வந்த அமீரக அமைச்சக ஆணை, பணி வாய்ப்புக் கடிதத்தைத் தொழிலாளருக்கு விளங்கும் மொழியிலும் தரவேண்டும் என்றது. அதற்கென அமைச்சகம் வெளியிட்ட படிவ மொழிகளுள் தமிழும் ஒன்று. ஒரு வளைகுடா அரசின் தொழிலாளர் ஆவணத்தில் தமிழ் இவ்வாறு இடம்பெற்றது தமிழாய்வாளர் கவனத்துக்கு உரியது. ஆயினும் இப்படிவங்களின் மொழிநடையும் கலைச்சொல்லும் இதுவரை உரிய ஆய்வைப் பெறவில்லை. தமிழ் வாசகமும் அரபு வாசகமும் முரண்பட்டால் அரபே மேலோங்கும். அப்படியானால் தமிழ்ப் படிவத்தின் பயன் யாது? எதற்கு இசைகிறார் என்பதைத் தொழிலாளர் அறிந்தே இசைந்தார் என்பதற்கு அது சான்றாகலாம். அறியாமல் ஒப்பமிட்டேன் என்னும் வாதத்தை அதே படிவம் பலவீனப்படுத்தவும் கூடும். இருபுறமும் வெட்டும் வாள் அது. ஊரில் முகவர் காட்டிய ஒப்பந்தம் ஒன்றாகவும் அங்கே வைக்கப்பட்ட ஒப்பந்தம் வேறாகவும் இருந்த வழக்குகளில் மட்டும் அதன் மதிப்பு ஐயமற்றது.

2019 பிப்ரவரியில் அபுதாபி நீதித்துறை தொழிலாளர் வழக்குப் படிவங்களுக்கு அரபு, ஆங்கிலத்தை அடுத்து இந்தியையும் மூன்றாம் மொழியாக்கியது. பணியில் சேரும்போது தமிழில் படிவம் பெறும் தொழிலாளர், வழக்குத் தொடுக்கும்போது மற்றொரு மொழியை நாடவேண்டியுள்ளது. மன்றத்தில் அவர் தமிழில் சொல்வது மொழிபெயர்ப்பாளர் வாயிலாக அரபியில் பதிவாகிறது. நாளை அவர் என்ன சொன்னார் என்பதில் ஐயம் எழுந்தால் ஒப்பிட்டுப் பார்க்க மன்ற ஏட்டில் தமிழ் மூலம் இராது. ஆகவே முதல் சந்திப்பிலேயே கட்சிக்காரர் கூற்றைத் தமிழில் எழுதி, நாளிட்டு, படித்துக் காட்டி, கையொப்பமோ ரேகையோ பெற்று, சட்ட ஆலோசகர் தம் கோப்பில் வைத்திருத்தல் வேண்டும். கையொப்பத்தை மறுக்குமாறு சொன்னாரா, தொகையை மட்டும் மறுக்குமாறு சொன்னாரா, தீர்வுச் சத்தியத்துக்கு இசைந்தாரா என்னும் மூன்று செய்திகளேனும் அத்தாளில் இருத்தல் நன்று. பின்னாளில் பொறுப்பு யாருடையது என்னும் வினா எழுமாயின், இருவருக்கும் அத்தாளே மூல ஓலை.